பிரெஞ்சு கேள்வி-பதில்: ஒரே சொல்லில் மூன்று ‘ஈ’, ஒன்றுக்கு மட்டும் கோடு

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு படிக்கிறாள். என்றும் நிலைத்தது என்று பொருள்படும் ‘எதெர்னெல்’ என்ற சொல்லில் மூன்று ‘ஈ’ (e) எழுத்துகள் உள்ளன. முதலாவதன் தலையில் மட்டும் சாய்கோடு. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லையா ஐயா?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை

பதில்: மனப்பாடமே வேண்டாம் அம்மா. பென்சிலைக் கொடுத்து அசை பிரிக்கச் சொல்லுங்கள்: எ-தெர்-னெல். முதல் அசை ‘ஈ’யோடு முடிகிறது, அதனால் கோடு. மற்ற இரண்டும் ‘ர்’, ‘ல்’ என்று மெய்யில் முடிகின்றன. அந்த மெய்யே ‘எ’ ஒலியைக் காப்பாற்றிவிடும்; கோடு எதற்கு? அசையின் முடிவில் கோடு இல்லாமல் ‘ஈ’ நின்றால், ‘பெ-தி’யில் (சின்ன) வருவதுபோல் வாய்க்குள் அமுங்கிவிடும். ‘அப்ரே’ (பிறகு) மாதிரி கடைசி ‘எஸ்’ஸுக்கு முன்னால் கோடு வாங்கும் சில சொற்கள் மட்டும் விலக்கு.

பிரிப்பதும் சுலபம். இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் என்றால் அது அடுத்த அசைக்குப் போகும். இரண்டு மெய் என்றால் ஆளுக்கொன்று. ஆனால் இரண்டாவது ‘ல்’ அல்லது ‘ர்’ ஆக இருந்தால், பெரும்பாலும் முன்மெய்யோடு ஒட்டிக்கொண்டே போகும். பெண்பாலில் ‘எல்’ இரட்டிப்பதால் எ-தெர்-னெல்-ல. அங்கும் மூன்றாவது அசை மெய்யால் மூடியே இருக்கிறது. இதைச் சொல்லாமல் கோடு போட்ட சொற்களைப் பட்டியலாக அச்சடித்து விற்கும் நோட்ஸ்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கேள்வி: ‘மோர்தெல்’, ‘நத்யூரெல்’ என்று சில பெயரடைகள் ‘எல்’லில் முடிகின்றன, ‘நஸ்யோனால்’, ‘மான்தால்’ என்று சில ‘ஆல்’லில் முடிகின்றன. இரண்டும் ஒரே லத்தீன் விகுதிதானே?

பதில்: ஒன்றேதான், ‘ஆலிஸ்’. இங்கேயும் அசைதான் வேலை செய்திருக்கிறது. லத்தீனில் அழுத்தம் விழுந்த ‘ஆ’ அசையின் கடைசியில் திறந்து நின்றால், மக்கள் வாயில் புழங்கிப் புழங்கி ‘எ’ ஆனது. ‘மா-ரே’ (கடல்) இப்போது ‘மெர்’. ‘மோர்-தா-லெம்’ இப்போது ‘மோர்தெல்’. மூடிய அசையில் ‘ஆ’ அசையவில்லை: ‘பார்-தெம்’ (பங்கு) ‘பார்’ என்றே நின்றது. ‘ஆல்’ சொற்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவை. படித்தவர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து நேரே எடுத்தார்கள், அல்லது அந்த அச்சில் புதிதாக வார்த்தார்கள். அதனால்தான் ‘ஆ’ கெடாமல் இருக்கிறது. இப்படி வாய்வழி ஒன்று, ஏட்டுவழி ஒன்று என இரட்டையாகப் பிழைத்த சொற்களும் உண்டு: ‘ஃப்ராஜிலிஸ்’ (எளிதில் உடையும்) என்ற ஒரே லத்தீன் சொல் ‘ஃப்ரெல்’ என்றும் ‘ஃப்ராஜில்’ என்றும் நிற்கிறது. முன்னதில் நடு அசையே காணோம்!

கேள்வி: ‘ப்ரெஸ்யோ’வுக்கு (விலைமதிப்பற்ற) வகுப்பில் இரண்டு அசை என்றார்கள். பிரெஞ்சு நாடகாசிரியர் ராசினின் செய்யுள் நாடக வரியில் எண்ணினால் மூன்றாக வைத்தால்தான் கணக்கு சரியாகிறதே?

பதில்: சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். 12 அசை கொண்ட அலெக்ஸாந்த்ரென் வரியில் இது ப்ரெ-ஸி-யோ. லத்தீனில் ‘ப்ரே-தி-ஓ-ஸுஸ்’ என்று ‘இ’யும் ‘ஓ’வும் தனித்தனி அசை, செய்யுள் அந்தப் பழைய கணக்கை விடவில்லை. ‘ஃப்யூரியோ’, ‘க்ளோரியோ’வும் அப்படியே. ‘வியோ’ (கிழ) மட்டும் செய்யுளிலும் ஒரே அசை. அதன் லத்தீன் மூலமான ‘வெக்லுஸ்’ஸில் பிரிக்க அப்படி ஒரு ‘இ’ இல்லை.

கேள்வி: ‘ஆல்’ எல்லாம் பன்மையில் ‘ஓ’ ஆகிவிடுமா?

பதில்: பெரும்பாலும். பனால், ஃபதால், நவால் மூன்றுக்கும் வெறும் ‘எஸ்’ போதும்.