காசநோய் மருந்து சாப்பிடும் அம்மா நாளெல்லாம் படுத்தே கிடக்கிறார், தைராய்டாக இருக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். தாராவியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். சிகிச்சை தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, எடையும் கூடியிருக்கிறது. ஆனால் எப்போதும் படுத்தே கிடக்கிறார், பேச்சு குறைந்துவிட்டது. அவருக்கு இந்தி சரியாக வராது. நீங்கள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறீர்கள். இது நோயின் களைப்பா, தைராய்டா என்று கேட்கிறீர்கள்.

தைராய்டாக இருக்கலாம். டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள். நான் மருத்துவர் இல்லை, தமிழ் ஆசிரியை. ஆனால் அதே தாராவியில் அதே நோயோடு, ஏன் எழுந்திருக்க முடியவில்லை என்று தெரியாமலே மாதக்கணக்கில் கிடந்திருக்கிறேன்.

எனக்கு 2016 ஜூலையில் கண்டுபிடித்தார்கள். சளியை எடுத்து சிபிநாட் கருவியில் வைத்தார்கள். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து என் கிருமியிடம் வேலை செய்யாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துச் சிகிச்சை இரண்டு வருடம். முதல் ஆறு மாதம் கானமைசின் ஊசி, கூடவே கை நிறைய மாத்திரைகள். அதில் ஒன்றின் பெயர் எத்தியோனமைடு. விழுங்கிய அரை மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டும், ஏப்பம் விட்டால் கந்தக வாடை அடிக்கும். அந்த மாத்திரை குமட்டல் தரும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். தைராய்டையும் அது தொடும் என்று யாரும் சொல்லி நான் கேட்ட நினைவில்லை.

நான்காவது மாதத்திலிருந்து எடை ஏற ஆரம்பித்தது. காசநோய்க்காரருக்கு எடை ஏறினால் வீடே கொண்டாடும். என் மாமியார் பாளையங்கோட்டைக்கு போன் போட்டு, “புள்ள முகம் தெளிஞ்சிட்டு, கன்னம் வச்சிட்டு” என்று சொன்னார். மருந்து தரும் மையத்திலும் எடை அட்டையைப் பார்த்து, நன்றாக இருக்கிறீர்கள் என்றார்கள். அந்தக் கன்னம் உண்மையில் வீக்கம். உங்கள் அம்மாவுக்கு எடை கூடியிருக்கிறது என்று படித்ததுமே எனக்குத் திக்கென்றது அதனால்தான். இருமல் போய், பசி எடுத்து, நன்றாகச் சாப்பிட்டு எடை கூடினால் நல்லதே. சாப்பாடு குறைவாக இருந்தும் எடை கூடி, முகம் உப்பி, குளிர் தாங்காமல், மலம் கட்டி, குரல் கரகரத்தால் அது வேறு விஷயம்.

எனக்கு இவை எல்லாமே இருந்தன. மும்பையில் நவம்பரில் என்ன பெரிய குளிர்? ஆனால் நான் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தேன். குரல் ஆண்பிள்ளைக் குரல் மாதிரி ஆகிவிட்டது. எந்நேரமும் அழுகை வேறு. நான் சாப்பிட்ட சைக்ளோசெரின் என்ற இன்னொரு மருந்து மனச்சோர்வைத் தரும். அதனால் அழுகைக்குக் காரணம் அதுதான் என்று முடிவாகிவிட்டது. அதுவும் ஓரளவு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த முடிவோடு தேடுவதை நிறுத்தியதுதான் தப்பு.

இத்தனையையும் நான் ஏன் சொல்லவில்லை? சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். கல்யாணமாகி மும்பை வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்திலும் தமிழ், வீட்டிலும் தமிழ், தாராவியில் கடைத்தெருவிலும் பாதித் தமிழ். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிற ஊர் இது. இந்தி இல்லாமலே ஒரு வாழ்க்கையை ஓட்டிவிடலாம், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். அங்கே என்னிடம் இருந்தது ஒரே சொல், ‘கம்ஜோரி’. பலவீனம். ஒவ்வொரு மாதமும் “கம்ஜோரி ஹை” என்றேன், ஒவ்வொரு மாதமும் சத்து மாத்திரை தந்தார்கள். அந்தச் சொல்லை எல்லா நோயாளியும்தான் சொல்வார்கள். அதை வைத்து ஒரு மருத்துவர் எதைப் பிடிப்பார்?

கடைசியில் மதுரைப் பக்கத்துப் பயிற்சி மருத்துவர் ஒருவர், சின்னப் பெண், என் அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்: “அக்கா, உங்க குரல் எப்பவுமே இப்படித்தானா?” அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். மலச்சிக்கல் முதல் முடி கொட்டுவது வரை எல்லாவற்றையும். அவர் எழுதித் தந்த சீட்டில் டிஎஸ்எச் எடுத்தால் 46. சாதாரணமாக அது நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். தைராய்டு சுரப்பி அயோடினைப் பிடித்து வைத்துத் தன் ஹார்மோனைச் செய்கிறது. எத்தியோனமைடு அந்த வேலையைத் தடுக்கிறது. பிஏஎஸ் என்ற இன்னொரு பழைய காசநோய் மருந்தும் அப்படியே. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஹார்மோன் குறைந்ததும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி, ‘இன்னும் செய், இன்னும் செய்’ என்று டிஎஸ்எச்சை அள்ளி அனுப்புகிறது. அதனால்தான் அந்த எண் ஏறுகிறது. அயோடின் உப்பைக் கூடுதலாகப் போட்டாலோ, முட்டைக்கோஸை நிறுத்தினாலோ இது சரியாகாது. என் வீட்டில் இரண்டையும் செய்து பார்த்தார்கள்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. பிஏஎஸ் தைராய்டை வீங்க வைப்பது 1950களிலேயே மருத்துவர்களுக்குத் தெரியும். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையம், காசநோய்க்காரரை சானடோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியதே, அப்போது கொடுத்த மருந்துகளில் ஒன்று பிஏஎஸ். மும்பையிலேயே, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயும் எச்ஐவியும் சேர்ந்திருந்த நோயாளிகளை ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு மேல் தைராய்டு குறைபாடு இருந்தது. எச்ஐவி இல்லாதவர்களுக்கும் இந்த மருந்துகளால் வரும். எனக்கு வந்தது அப்படித்தான்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அம்மாவின் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது. அதில் எத்தியோனமைடு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பலருக்கு பெடாக்குலின், பிரிட்டோமனிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சை தருகிறார்கள். இந்திய அரசு 2024-இல் அதற்கு அனுமதி தந்தது. அதில் எத்தியோனமைடு கிடையாது. அப்படியானால் களைப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும். லினிசோலிட் ரத்த அணுக்களைக் குறைக்கும், அதனால் ஹீமோகுளோபினைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் டிஎஸ்எச் எடுப்பதில் தப்பில்லை, இந்த வயதுப் பெண்களுக்குத் தைராய்டு தனியாகவும் வரும். (சாதாரணக் காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: நீங்கள் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும், அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.)

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு எத்தியோனமைடை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு மருந்தை நாமாக நிறுத்தினால் கிருமி மீதி மருந்துகளையும் பழகிக்கொள்ளும். தைராய்டு குறைந்தால் காசநோய் மருந்தை அப்படியே தொடர்ந்து, கூடவே தைராக்சின் மாத்திரை தருவார்கள். எனக்கு அப்படித்தான் தந்தார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டீ கூடக் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து, அல்சர் மருந்து எதுவாக இருந்தாலும் நாலு மணி நேரம் தள்ளித்தான். ஆறு வாரம் கழித்து மறுபடி டிஎஸ்எச் பார்த்து அளவை மாற்றினார்கள். மூன்றாவது வாரமே நான் எழுந்து தோசை வார்த்தேன். 2018-இல் காசநோய்ச் சிகிச்சை முடிந்தது. அதற்கப்புறம் சில மாதங்களில் சுரப்பி தானே வேலைக்குத் திரும்பியது, மருத்துவர் படிப்படியாகத் தைராக்சினையும் நிறுத்தினார். எத்தியோனமைடால் வந்தது பெரும்பாலும் இப்படிப் போய்விடும்.

இனி உங்கள் அம்மாவின் மொழி. எனக்கு மருந்தைவிட முக்கியமாகப் படுவது இதுதான்.

குணமான பிறகு நானும் இரண்டு தோழிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து வந்த பெண்களுக்கு இந்தி பேசக் கற்றுத்தர ஆரம்பித்தோம். இப்போது அதற்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் தாங்கள் பள்ளியில் படித்த மாதிரியே தொடங்குவார்கள்: எழுத்து, ஆண்பால் பெண்பால், வினைச்சொல் வாய்பாடு. நான் அதை ஓரமாக வைக்கச் சொல்வேன். இந்தப் பெண் நாளைக்கு யாரிடம் எதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று முதலில் அவளிடமே கேளுங்கள், பாடத்தை அதிலிருந்து கட்டுங்கள் என்பேன். கேட்டால் ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும்தான் முதலில் வரும்.

ஆஸ்பத்திரிப் பாடத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாது. நாம் ‘உடம்பு சூடு’ என்றால் வாய்ப்புண், நீர்க்கடுப்பு எல்லாம் அதில் அடக்கம். அதையே இந்தியில் சொன்னால் காய்ச்சல் என்று தெர்மாமீட்டரை வைப்பார்கள். ‘மயக்கமா வருது’ என்பதில் நமக்குத் தலைசுற்றலும் உண்டு, நினைவு தப்புவதும் உண்டு. இந்தியில் ‘சக்கர்’ வேறு, ‘பேஹோஷி’ வேறு. பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களை நான் ஒருவருக்கொருவர் நோயாளியாகவும் சிஸ்டராகவும் நடிக்க வைப்பேன். ‘கம்ஜோரி’ என்ற சொல்லுக்கு மட்டும் தடை. அந்தச் சொல் இல்லாமல் களைப்பை விளக்கச் சொன்னால்தான் மாடிப்படி, தூக்கம், குளிர் எல்லாம் வாயில் வருகிறது.

உங்கள் அம்மாவுக்கு நாலே வாக்கியம் போதும். தமிழ் எழுத்தில் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். “ஆவாஜ் பைட் கயீ ஹை”: குரல் கட்டிவிட்டது. இந்தியில் குரல் ‘உட்கார்ந்துவிடும்’, மராத்தியிலும் அப்படியே, அதைச் சொன்னால் அம்மாவுக்குச் சட்டென்று மனதில் நிற்கும். “டண்ட் பஹுத் லக்தீ ஹை”: குளிர் தாங்கவில்லை. “கப்ஜ் ஹை”: மலச்சிக்கல். “தைராய்டு கீ ஜாஞ்ச் கர் தீஜியே”: தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். இதில் எது அவருக்கு இல்லையோ அதை அடித்துவிடுங்கள், இல்லாததைச் சொல்லக் கூடாது.

வீடியோ காலில் நீங்கள் சிஸ்டராக இருந்து கேளுங்கள், அவர் பதில் சொல்லட்டும். இரண்டு மூன்று நாள் பழகினால் போதும். மலச்சிக்கலைச் சொல்ல வெட்கப்படுவார், ஆண் மருத்துவராக இருந்தால் விழுங்கியே விடுவார். அதனால் குரலை முதலில் வையுங்கள். அது வாயைத் திறந்ததுமே எதிரில் இருப்பவருக்கும் கேட்கும்.