இசைத்தாள் தயாரிக்கிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பாடசாலை பாண்ட், சேர்ச் பாடகர் குழு, கோவில் பஜனைக் கொப்பி என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இசைத்தாள் தட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாட்டுச் சொல்லிக் கொடுப்பது என் வேலை இல்லை. பாட்டு தாளில் எப்படி நிற்க வேண்டும் என்பதை மட்டும் கேளுங்கள்.

கல்லடி: ரீச்சர், இசைத்தாள் தட்டும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் பாட்டின் தமிழ் வரிகளை ஸ்டாஃபுக்கு, அதாவது சுரம் எழுதும் ஐந்து கோட்டுக்கு, கீழே போட்டேன். வீட்டில் நன்றாகத் தெரிந்தது. பிறின்ட் கடையில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

பாமினியில் தட்டியிருக்கிறீர்கள், தம்பி. அந்த ஃபொன்ட் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கடைக் கொம்பியூட்டரில் பாமினி இல்லையென்றால் உள்ளே உண்மையில் இருப்பது வெளியே வரும். நீங்கள் புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி. யுனிகோடில் தட்டுங்கள். கை பாமினிக்குப் பழகிவிட்டதென்றால் அதே விசை வரிசையில் யுனிகோட் தட்டும் கருவிகளும் உண்டு. பழைய வரிகளை மாற்றியில் போட்டு மாற்றினால், கொ, கோ, கௌ வருகிற இடங்களை ஒருதடவை கண்ணால் பாருங்கள். கடைக்குக் கொடுப்பது பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும்.

கல்முனை: ஃபினாலேயை நிறுத்திவிட்டார்களாமே. எங்கள் பாண்டின் பார்ட் (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித்தாள்) எல்லாம் அதில்தான் கிடக்கிறது.

1988இல் வந்த மென்பொருள். 2024 ஆகஸ்ட்டில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். அது திறக்கிற ஒரு கொம்பியூட்டர் உயிரோடு இருக்கும்போதே எல்லாப் பைலையும், மற்ற இசை மென்பொருள்களும் திறக்கக்கூடிய மியூசிக் எக்ஸ்எம்எல் ஆக வெளியே எடுங்கள், கூடவே பிடிஎஃப்பும். எக்ஸ்எம்எல்லில் சுரங்கள் வந்து சேரும், பக்க அமைப்பு பெரும்பாலும் குலையும். பழைய பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

வாழைச்சேனை: எந்த சொஃப்ட்வெயார் நல்லது?

காசு இல்லையென்றால் மியூஸ்ஸ்கோர். இருந்தாலும் முதலில் மியூஸ்ஸ்கோர்.

புளியந்தீவு: எங்கள் சேர்ச்சில் ஒரு பழைய பாட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். ஆனாலும் நான் கொம்பியூட்டரில் செய்வதைவிட அதைத்தான் சுகமாக வாசிக்க முடிகிறது. ஏன்?

நல்ல கேள்வி, தங்கச்சி. அந்தக் காலத்து நல்ல பதிப்புகள் பலவற்றுக்குத் தகரமும் ஈயமும் கலந்த தகட்டில் கையால் செதுக்கினார்கள். ஐந்து பல் உள்ள ஒரு கருவியை ஒரே இழுப்பாக இழுத்தால் ஐந்து கோடும் விழும். கிளெஃப் (வரியின் தொடக்கத்தில் வரும் குறி), சுரத்தின் தலை போன்றவற்றுக்கு உருக்கு அச்சு. சுத்தியலால் ஒரே அடி. சுரங்களை இணைக்கும் வளைகோடான ஸ்லரையும், சுரத் தண்டுகளை இணைக்கும் தடித்த கோடான பீமையும் உளியால் வெட்டுவார்கள். எல்லாமே இடம் வலமாக மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல. பிழை விட்டால் தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் தட்டி, மட்டமாக்கி, மறுபடி செதுக்க வேண்டும். அதனால் முதல் அடி விழுமுன்னரே ஒரு வரியில் எத்தனை பார் (தாளக் கட்டம்), எந்தச் சுரத்துக்கு எவ்வளவு இடம் என்று தகட்டில் குறித்துவிடுவார்கள்.

வாசிக்கச் சுகம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மினிம் என்ற சுரக்குறி குறொச்செட் என்ற குறியைவிட இரண்டு மடங்கு நேரம் நிற்கும்; தாளில் அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் போதும். மென்பொருளும் இதைத் தானாகவே செய்கிறது. நாங்கள்தான் ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டுமென்று ஒரு வரியில் ஏழு பாரைத் திணித்துக் கெடுக்கிறோம். தமிழ் எழுத்து அகலமானது. "ணை", "ஞோ" வருகிற வரியில் நாலு பாரே அதிகம். பார் எண்ணிக்கையைக் குறையுங்கள், வரிகளின் ஃபொன்டை ஒரு பொயின்ட் இறக்குங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அக்கரைப்பற்று: ஸ ரி க ம என்று எழுதும் சுரக் கொப்பியை வேர்டில் தட்டுகிறேன். மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி எப்படி வைப்பது?

தமிழில் இது பெரிய தொல்லை. ஸ, ப இரண்டுக்கும் மெய்ப்புள்ளியையே வைத்துச் சிலர் சமாளிக்கிறார்கள். ஆனால் அது ஸ், ப் ஆகிவிடுகிறது. கீழே சாகித்தியத்தில் (பாட்டின் வரியில்) உண்மையான ப் வந்தால் பிள்ளைக்குக் குழப்பம். ரி, நி இரண்டுக்கும் அந்த வித்தையும் பலிக்காது. பல ஃபொன்ட்களில் புள்ளி ஒரு பொய் வட்டத்தோடு தனியே போய் நிற்கும். நான் அட்டவணை போடுவேன். ஓர் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு கட்டம். சுர வரிக்கு மேலே ஒடுக்கமான ஒரு வரி, அதில் புள்ளி மட்டும். கீழ் ஸ்தாயிக்கு அடியில் இன்னொன்று. ஆதி தாளமென்றால் நாலு, இரண்டு, இரண்டு கட்டங்களுக்குப் பிறகு கோடு. தயவுசெய்து ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்காதீர்கள். ஃபொன்ட் மாறிய அன்று எல்லாம் சரிந்துவிடும்.

புளியந்தீவு, பாடகர் குழு மாஸ்டர்: "அற்புதம்" என்பதை நீங்கள் அற்-பு-தம் என்று பிரிக்கிறீர்கள். முதல் சுரம் நாலு அடி. பிள்ளைகள் "அற்" என்று பார்த்ததும் முதல் அடியிலேயே வாயை மூடிவிடுகிறார்கள். அ-ற்பு-தம் என்று போட்டால் என்ன குறை?

மாஸ்டர், புள்ளி வைத்த எழுத்தில் ஒரு துண்டு தொடங்கினால் கண் இடறும். யாப்பிலும் ஒற்று முன் எழுத்தோடுதான் சேரும்: அற், புதம், நேர், நிரை. நாலு அடியும் "அ"வைப் பிடித்துக் கடைசியில் மூடுவது பயிற்சியில் சொல்ல வேண்டியது.

மாஸ்டர்: பயிற்சியில் சொன்னது மேடையில் மறக்கும். தாளில் இருப்பது மறக்காது.

காரைதீவு: மாஸ்டர் சொல்வது சரி. எங்கள் சுரக் கொப்பியில், இழுக்கிற இடத்துக்குக் காற்புள்ளி போட்டு, அ , , ற்பு என்றுதான் இருக்கிறது.

சுரக் கொப்பியில் ஒவ்வோர் அட்சரத்துக்கும் தனி இடம் உண்டு, அங்கே அது பொருந்தும். ஸ்டாஃபில் ஒரு சுரத்தின் கீழே ஒரு துண்டு. மாஸ்டருக்கு ஒன்று விட்டுக்கொடுக்கிறேன்: "அன்பே" போல மெல்லினம் வந்து, மெட்டும் அந்த "ன்"னுக்குத் தனிச் சுரம் கொடுத்தால் அ-ன்-பே என்று பிரியுங்கள். "ன்"னைப் பிடித்துப் பாடலாம். "ற்", "க்", "ப்" இவற்றை யாராலும் பிடித்துப் பாட முடியாது. பிறகு அந்த "அ-ற்பு"வில் "ற்" எந்தச் சுரத்தில் விழுகிறது? இரண்டாவதில். அப்போது பிள்ளைகள் அடுத்த அடிக்குப் பிந்தி வருவார்கள், அதற்கும் என்னைத்தான் ஏசுவீர்கள்.

ஆரையம்பதி: எங்கள் அப்பப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். வாசித்துக் காட்டினேன். "கூத்துக்களரியில் ஒருவன் கையிலும் தாள் இல்லை, எப்ப மூடுறதெண்டு மத்தளம் சொல்லும்" என்கிறார்.

அப்பப்பாவிடம் நான் வாதாடத் தயாரில்லை. மற்றவர்கள் அற்-பு-தம் பற்றி இனிக் கேட்க வேண்டாம். இன்னும் பதினைந்து பேர் நிற்கிறார்கள்.

திருக்கோவில்: சொல்லுக்கு நடுவில் சிறுகோடு, சொல் முடிவில் நீளக்கோடு. மியூஸ்ஸ்கோரில் எந்த விசை?

கண்ட்ரோல் எல் தட்டி வரியைத் தொடங்குங்கள். அடுத்த சொல்லுக்கு ஸ்பேஸ், அதே சொல் தொடர்ந்தால் சிறுகோடு, கடைசி எழுத்து பல சுரங்களுக்கு இழுபட்டால் அடிக்கோடு. ஸ்பேஸ் தட்டலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இது.

ஏறாவூர்: வரிகள் ஆங்கில எழுத்தாக...

பாமினி. முதல் பதிலைப் பாருங்கள்.

சம்மாந்துறை: எங்கள் ட்ரம்பெட் கீபோர்டைவிட ஒரு சுரம் தாழ்வாகக் கேட்கிறது. ஸ்கோர் பிழையா?

பிழை இல்லை. சாதாரண பீ ஃப்ளாட் ட்ரம்பெட்டில் டி எழுதினால்தான் சீ கேட்கும். மென்பொருளில் வாத்தியத்தைச் சரியாகத் தெரிவு செய்தால் அதுவே மாற்றி எழுதும். மிச்சத்தைப் பாண்ட் மாஸ்டரிடம் கேளுங்கள்.

வாழைச்சேனை: சிபேலியஸ் நல்லதா, டொரிக்கோ நல்லதா?

தம்பி, மேலே பாருங்கள்.

பொத்துவில்: பார்ட் எல்லாம் பிறின்டில் சின்னனாக வருகிறது. கிளாரினெட் பிள்ளைகள் தாளுக்குள் முகத்தை வைத்து வாசிக்கிறார்கள்.

கடைக்காரர் "தாளுக்குப் பொருத்து" என்பதைத் தெரிவு செய்து வைத்திருப்பார். நூறு வீதம் என்று போடச் சொல்லுங்கள். பார்ட்டுக்கு ஸ்டாஃபின் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை 7 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் ஸ்டாண்டில் வைத்து வாசிக்கலாம். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வுக்குறி வருகிறதா என்றும் பாருங்கள். கிளாரினெட்டுக்கு இரண்டு கையும் வேண்டும். முதல் தாளை அடிமட்டத்தால் அளந்த பிறகு மற்றக் கொப்பிகளை எடுக்கச் சொல்லுங்கள்.