நுகர்வோர் கேள்வி-பதில்: பழைய மதர்போர்டு வாங்குவோருக்கு

கேள்வி: என்னிடம் உள்ள எச்110 போர்டில் பிராசசர் அமரும் சாக்கெட்டின் எண் 1151. அதே எண் என்பதால் பழைய ஐ5-8400 பிராசசர் வாங்கிப் பொருத்தினேன். திரையில் எதுவும் வரவில்லை. எது பழுது?
— மாணவர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். 1151 என்ற ஒரே எண்ணில் இன்டெல் நிறுவனம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வகைகளை வெளியிட்டது. எச்110, பி150, பி250 போர்டுகள் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசசர்களுக்கும், எச்310, பி360, பி365 போர்டுகள் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் உரியவை. உங்கள் பிராசசர் சாக்கெட்டில் சரியாக அமர்ந்துவிடும். பின்களின் மின் இணைப்பு வேறுபடுவதால் இயங்காது. ஆறு கோர்கள் கொண்ட அந்தப் பிராசசரை வைத்துக்கொண்டு, போர்டை விற்றுவிட்டு, எச்310 போர்டு ஒன்றைத் தேடுங்கள். இனி எதை வாங்கினாலும், போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் அது ஏற்கும் பிராசசர்களின் பட்டியலை முதலில் பாருங்கள்.

கேள்வி: வேறு ஊரில் இருப்பவர், பாதிப் பணம் அனுப்பினால் போர்டைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். படங்கள் தெளிவாக உள்ளன. அனுப்பலாமா?
— வாசகர், கரூர்

பதில்: அனுப்பாதீர்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் பழைய போர்டு வாங்கப் போகிறேன். கடையிலேயே என்னென்ன சோதிக்க வேண்டும்?
— தட்டச்சு நிலைய உரிமையாளர், விழுப்புரம்

பதில்: போகும்போது வேலை செய்யும் ராம் (நினைவகம்) ஒன்றையும் பென்டிரைவ் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன், கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்து சாக்கெட்டின் பின்கள் ஒரே வரிசையில் மின்னுகின்றனவா என்று பாருங்கள்; ஒரு பின் மட்டும் வேறு திசையில் மின்னினால் அது வளைந்திருக்கிறது. கெப்பாசிட்டர்கள் எனப்படும் சிறு உருளைகளின் தலை உப்பியிருந்தாலோ, பிராசசரைச் சுற்றிய பகுதியில் கருகிய நிறம் தெரிந்தாலோ, அந்தப் போர்டை விட்டுவிடுங்கள். பிறகு இயக்கச் சொல்லி, ஒவ்வொரு ராம் ஸ்லாட்டிலும் ராமை மாற்றிப் பொருத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையில் அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்லாட் செத்துப்போன போர்டுகள் சந்தைக்கு ஏராளமாக வருகின்றன, மற்ற ஸ்லாட்டில் மட்டும் ராமை வைத்து இயக்கிக் காட்டுவது விற்பவர்களுக்கு எளிது. யூஎஸ்பி துளைகள் எல்லாவற்றையும், லேன், ஒலி இணைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பயாஸுக்குள் கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். நேரத்தைச் சரிசெய்து, மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, மறுபடி இயக்கும்போது நேரம் மறந்துபோயிருந்தால், பெரும்பாலும் போர்டில் உள்ள சிஆர்2032 என்ற வட்டச் சிறு பேட்டரிதான் தீர்ந்திருக்கும். அதை மாற்றச் செலவு மிகக் குறைவு. இத்தனைக்கும் நேரம் கொடுக்க மறுக்கும் கடையில் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: அலுவலகக் கணினியிலிருந்து கழற்றிய பிராண்டட் போர்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது. சாதாரண கேபினெட்டில் பொருந்துமா?
— வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் பொருந்தாது. நான் வாங்கிய அத்தகைய போர்டு ஒன்றை, சாதாரண எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) போதும் என்று விற்றவர் உறுதி சொல்லியே கொடுத்தார். வழக்கமான 24 பின் இணைப்புக்குப் பதிலாக அதில் 14 பின் இணைப்பே இருந்தது. மாற்றுக் கேபிளுக்குத் தனியாகச் செலவழித்த பிறகும், கேபினெட்டின் பவர் பொத்தான் வயர்களுக்கு உரிய பின்கள் வேறு வரிசையில் இருந்தன. அந்தப் போர்டு எதற்கும் பயன்படவில்லை. அலுவலகக் கணினியை விரும்பினால் எஸ்எம்பிஎஸ், கேபினெட் உட்பட முழுதாக வாங்குங்கள். அது நல்ல பேரம்.

கேள்வி: என் மகளின் படிப்புக்காகப் புதியது என்று சொல்லிக் கொடுத்த போர்டில் திருகுத் தடங்கள் இருந்தன, சாக்கெட் பின்கள் வளைந்திருந்தன. நான்தான் வளைத்தேன் என்கிறார் கடைக்காரர். பில் கேட்டபோது, 'டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான்' என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்.
— வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. கடையில் சோதித்துக் காட்டியதோடு பொறுப்பு முடிந்தது என்ற பொருளில் சொல்லப்படும் 'டெஸ்டிங் வாரண்டி' என்ற இந்த இரண்டு சொற்கள் எத்தனையோ எளிய குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியிருக்கின்றன என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதையும், விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காமல் இருப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லப்படாதபோது 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே பிரிவில் அடங்கும். அட்டையில் எழுதிய வாசகம் சட்டத்துக்கு மேற்பட்டதல்ல. பணம் யூபிஐ மூலம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, அட்டை, போர்டின் படங்கள், வரிசை எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. தயங்காதீர்கள்.

கேள்வி: மலிவாக இருந்ததால் எச்61 போர்டு வாங்கிவிட்டேன். என்னிடம் உள்ள டிடிஆர்4 ராமும் என்விஎம்இ என்ற புதிய வகை எஸ்எஸ்டி சேமிப்பகமும் பொருந்தவில்லை. விண்டோஸ் 11 போட வழி என்ன?
— வாசகர், சேலம்

பதில்: இவற்றில் எதையும் பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் பார்க்கவில்லை. எச்61 என்பது 2011இல் வந்த சிப்செட் (போர்டின் முக்கியச் சில்லு). அதன் ராம் டிடிஆர்3 என்ற முந்தைய வகை, டிடிஆர்4 அதில் பொருந்தாது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும்; எனவே இந்தப் போர்டில் அதற்கு முறையான வழி இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கேபிளில் இணைக்கும் பழைய வகையான சாட்டா எஸ்எஸ்டி பொருத்தி லினக்ஸ் நிறுவினால் எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: பழைய ஏ320, பழைய பி450 போர்டுகள் இரண்டில் எதை வாங்கலாம்? பின்னாளில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5600 பிராசசர் போடும் எண்ணம் உண்டு.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: பி450. அதன் பயாஸ் பதிப்பு 5600ஐ ஏற்குமா என்பதைக் கடையிலேயே திரையில் பார்த்து, தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு, வரிசை எண் எழுதிய பில்லுடன் வாங்குங்கள்.