கை பட்ட குஞ்சைத் தாய் மைனா ஒதுக்குமா?

கேள்வி: பண்பொழிக்குப் பக்கத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. சாரல் காற்றில் இறவாரத்து ஓடு நகர்ந்து, உள்ளே கூடு வைத்திருந்த மைனாவின் குஞ்சு ஒன்று முற்றத்தில் விழுந்துவிட்டது. கண் திறந்திருக்கிறது, இறகு முள்முள்ளாக நிற்கிறது. பாலும் சோறும் பிசைந்து வைத்தோம், தின்னவில்லை. கையால் எடுத்துவிட்டதால் இனித் தாய் சேர்க்காது என்கிறார்கள். பறவை வாங்கி விற்கும் ஒருவர் 200 ரூபாய் தருகிறேன், கொடுங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தாய் சேர்க்கும். மைனா தன் குஞ்சை மோந்து பார்த்து ஏற்பதில்லை. கூட்டின் இடம், குஞ்சின் குரல், அண்ணாந்து பிளந்த மஞ்சள் வாய், இவைதான் அதற்கு அடையாளம். உங்கள் கை பட்டதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. குஞ்சைச் சுற்றி வீட்டார் வட்டம் கட்டி நிற்பதுதான் தாயைத் தடுக்கிறது. எதிர் மரத்திலோ மின்கம்பியிலோ இரண்டு மைனா உட்கார்ந்து கரகரவென்று கத்திக்கொண்டிருந்தால், அவைதான் தாயும் தகப்பனும். உங்களைத்தான் ஏசுகின்றன.

பாலையும் சோற்றையும் எடுத்துவிடுங்கள். பறவைக்குப் பால் செரிக்காது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம். குஞ்சின் வாயைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால், அடியிலேயே ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழல். சொட்டுச் சொட்டாக விடும் தண்ணீர் நேரே அதற்குள் போகும். ‘தண்ணி கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் செத்துப்போச்சு’ என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

இப்போது குஞ்சை உள்ளங்கையில் வையுங்கள். உங்கள் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் அது ஆறிப்போய்விட்டது. ஆறிய குஞ்சுக்கு இரை செரிக்காது, வாயும் திறக்காது. நீங்கள் வைத்ததை அது தொடாததற்கு முதல் காரணம் இதுவாக இருக்கலாம். அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய வேட்டித் துணியை மடித்துப் போடுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குஞ்சு நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும். மேலே துணி போட்டு இருட்டாக்கிவிடுங்கள். பல்பு போட்டுச் சூடாக்கும் பழைய வழியை எல்.இ.டி. பல்பை வைத்துச் செய்கிறார்கள். அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. அரை மணி, முக்கால் மணியில் குஞ்சு சூடேறி வாயைப் பிளந்து கத்தத் தொடங்கும். பஞ்சு வைக்காதீர்கள், நகத்தில் சிக்கி விரல் இறுகிவிடும்.

பிறகு ஏணி போட்டு, நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து, அதே கூட்டில் விட்டுவிடுங்கள். மற்றக் குஞ்சுகள் உள்ளே இருந்தால் வேலை இன்னும் எளிது. கூடு கலைந்துவிட்டதா? ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். அதைப் படுக்கவைத்து, தலைப்பக்கத்தில் ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்கு வாய் வெட்டுங்கள். அடியில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஏழெட்டு ஓட்டை. உள்ளே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தென்னந்தும்பும், கலைந்த பழைய கூட்டின் செத்தையும். தும்பு போடாமல் விட்டால் வழவழப்பான பிளாஸ்டிக்கில் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் வழுக்கி அகன்றுபோகும். நாலைந்து நாள் அப்படியே கிடந்தால் அந்தக் கால் தேறாது. கேனைப் பழைய கூட்டுக்கு ஒரு மீட்டருக்குள், சாரல் அடிக்காத பக்கமாக, இறவாரத்துக்கு அடியில் கம்பியால் ஆடாமல் கட்டுங்கள். வாய்ப்பக்கம் சற்று மேல்நோக்கி இருக்கட்டும். குஞ்சுகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒரே கேனில். இரண்டு இடத்தில் வைத்தால் தாய் ஒன்றை மட்டும் கவனிக்கும். எறும்பு வரும். கட்டுக்கம்பியின் நடுவில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கிரீஸ் தடவுங்கள், கேனின் வாயில் படக்கூடாது.

அதன்பின் எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள். ஜன்னல் வழியாக இரண்டு மணி நேரம் பாருங்கள். வாயில் பூச்சியோடு தாய் உள்ளே போய், வெள்ளைப் பொட்டலம் போன்ற ஒன்றைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தால் உங்கள் வேலை முடிந்தது. அது குஞ்சின் எச்சம், மெல்லிய தோல் பையில் வரும். சாயங்காலம் விழுந்த குஞ்சு என்றால் இரவு முழுக்கப் பெட்டியிலேயே இருக்கட்டும். இரவில் இரை வேண்டாம், சூடு ஆறாமல் வெந்நீர் மட்டும் மாற்றுங்கள். விடிந்ததும் மேலே வையுங்கள்.

இரண்டு மணி நேரத்திலும் தாய் எட்டிப் பார்க்கவில்லை என்றால் மட்டும் நீங்கள் ஊட்டலாம். மைனாவின் அறிவியல் பெயரிலேயே வெட்டுக்கிளி வேட்டைக்காரன் என்ற பொருள் இருக்கிறது. காலும் இறக்கையும் கிள்ளிய வெட்டுக்கிளி, அவித்த முட்டையின் மஞ்சள் கரு, வெந்நீரில் ஊறி மெத்தென்று ஆன பூனைத் தீவனம், இவற்றில் கிடைத்ததை அரைப் பட்டாணி அளவு உருட்டி, முனை மழுங்கிய இடுக்கியால் தொண்டையின் ஓரமாக வையுங்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு தடவை. வாயைத் திறக்காவிட்டால் திணிக்காதீர்கள். கிளிக்குஞ்சுக்கு விற்கும் மாவை ஊசியில்லாத சிரிஞ்சோடு சேர்த்துத் தலையில் கட்டும் கடைக்காரர்களிடம் போகாதீர்கள். பூச்சி தின்று வளரும் குஞ்சுக்கு அந்த மாவு போதாது. பழகாத கை சிரிஞ்சை அழுத்தினால் முன்னே சொன்ன பிளவுக்குள்தான் போகும்.

உடம்பெல்லாம் இறகு மூடி, வால் கட்டையாக, விரலை நீட்டினால் பற்றி நிற்கும் குஞ்சு என்றால் இத்தனையும் தேவையில்லை. அது பறக்கப் பழகுகிறது. பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு நகருங்கள். உங்களுடையது அந்த வயதுக்கு வர இன்னும் பத்து நாளாவது ஆகும்.

இதுவரை சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் பக்கம் பனை அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்: பனை உழவாரன் என்னும் சிறு பறவை. பனையோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகை ஒட்டிச் சின்னஞ்சிறு கூடு வைக்கும். முட்டையையும் ஒட்டியே வைக்கும். ஆனி, ஆடிக் காற்றில் ஓலை முறிந்தாலோ, ஓலை வெட்டினாலோ குஞ்சோடு தரைக்கு வரும். புகைக்கறுப்பு நிறம், அரிவாள் போல் நீண்ட இறக்கை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கால். விரலில் நிற்காது, சட்டையைத்தான் கவ்விக்கொண்டு தொங்கும். கால் ஊனம் என்று நினைத்து மாவுக்கட்டுப் போட்டவர்களும் உண்டு. ஊனம் இல்லை, அதன் கால் அவ்வளவுதான். இதைக் கேனிலோ கூடையிலோ வைத்தால் தாய் இறங்கி வராது. பறந்துவந்து ஓலையில் தொற்றித்தான் அதற்கு இரை கொடுக்கத் தெரியும். அதனால் கூட்டோடு அந்த ஓலையையே, கூடு அடிப்பக்கம் வரும்படி, அதே பனையில் மற்ற ஓலைகளுக்கு நடுவே கட்ட வேண்டும். பனையேறுபவர் ஒருவரைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். இறகு முழுக்க வளர்ந்த உழவாரன் தரையில் கிடந்தால் ‘பறக்கப் பழகுகிறது’ என்று விட்டுவிடாதீர்கள். அது தரையிலிருந்து எழும்பச் சிரமப்படும். வெட்டவெளியில் விரித்த உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டுங்கள். தானாகக் கிளம்பும். தூக்கி எறியாதீர்கள்.

இனி அந்த 200 ரூபாய்க்காரர். காட்டுப் பறவையை விற்பதும் வாங்குவதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது மத்தியச் சட்டம். எல்லையிலுள்ள புளியரைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் கேரளத்து ஆரியங்காவு பக்கமும் ஒன்றுதான். ‘மைனாவுக்கெல்லாம் கேஸ் கிடையாது’ என்று தரகர் சொல்வார். பச்சைக்கிளிக்கும் அதையேதான் சொல்வார், அது அந்தச் சட்டத்தின் அட்டவணை 2-இல் இருக்கிறது. ‘நான் மீட்புக்குழு, பெட்ரோல் காசு மட்டும் அனுப்புங்கள்’ என்று வருபவர்களிடமும் அடையாள அட்டை கேளுங்கள். வாங்கிப் போன குஞ்சு எங்கே போயிற்று என்று அவர்களை யாரும் கேட்பதில்லை, அதுதான் அவர்களுக்கு வசதி.

குஞ்சு உங்களிடமே தங்கும்படி ஆனால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். தெரிவித்துப் பாருங்கள். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும், அது கால்நடை மருந்தகத்தைக் கைகாட்டும், அங்கே மாடும் ஆடும் வரிசையில் நிற்கும். யானை வந்தால்தான் அசைவோம் என்று இருப்பவர்களிடம் மைனாவைப் பற்றிப் பேசுவது சலிப்புதான். ஆனாலும் கூப்பிட்ட நேரத்தையும் பேசியவர் பதவியையும் குறித்துவையுங்கள். நாளைக்கு யாராவது உங்கள்மேல் புகார் கொடுத்தால் அந்தக் குறிப்புதான் துணை.

பூனை கவ்விய குஞ்சு என்றால் மட்டும் வரிசை, சலிப்பு எதுவும் பார்க்காதீர்கள். காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் பூனை எச்சிலின் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் கேளுங்கள். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரே இடத்தில் நாலைந்து பறவை செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம். ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் பலமுறை வந்திருக்கிறது, கால்நடைத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

ஓட்டைச் சரிசெய்யும்போது கூட்டின் வாசலைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட வேண்டாம். குஞ்சுகள் பறந்துபோன பிறகு அடைத்துக்கொள்ளலாம்.