விற்பனைக்குப் படம் எடுக்கும் முன் வீட்டை எப்படித் தயார் செய்வது?

பழைய ஃபிளாட்டை விளம்பரத்தில் போடப் போகிறோம், படம் எடுக்கும் முன் முழுக்கப் பெயிண்ட் அடித்து, புது சோபா கவர், திரைச்சீலை எல்லாம் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை நங்கநல்லூரில் அம்மா இருந்த இரண்டு படுக்கையறை ஃபிளாட்டைப் போன தை மாதம் விற்றோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எதுவும் வாங்காதீர்கள். இருப்பதில் பாதியை வெளியே எடுங்கள், அது போதும்.

முதலில் பீரோ மேல் இருக்கும் சூட்கேஸ், ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் டப்பாக்கள். தலைக்கு மேலே சாமான் இருந்தால் படத்தில் கூரையே தாழ்ந்து தெரியும். அப்புறம் பால்கனிக் கொடி. நம் ஊரில் பால்கனி என்றாலே துணி காயும் இடம்தான், ஆனால் வாங்க வருகிறவருக்கு அங்கே ஒரு நாற்காலி போட இடம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். தினசரி நாள்காட்டியையும் மறக்காமல் கழற்றுங்கள். படத்தில் தேதி பளிச்சென்று தெரியும். "மூணு மாசமா போகாத வீடா சார் இது?" என்று பேரம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

ஹாலில் மாலை போட்ட தாத்தா படம் இருந்தது. "அவரை எங்கடா கொண்டுபோய் வைப்ப?" என்று அம்மாவுக்கு மனசே இல்லை. கடைசியில் அரை நாளுக்குப் பூஜை அலமாரிக்குப் போனார் தாத்தா. குடும்பப் படங்கள், பள்ளிப் பெயர் போட்ட பிள்ளைகளின் கோப்பைகள், சாவிக்கொத்து, டாக்டர் ஃபைல் எதுவும் இணையத்தில் போகக் கூடாது, அவ்வளவுதான் காரணம். பூஜை அறையை மட்டும் காலி செய்யாதீர்கள். இங்கே அதைத் தனியாகக் கேட்டே வருகிறார்கள். சுவரில் படிந்த விளக்குப் புகையைத் துடைத்துவிட்டு அப்படியே எடுங்கள்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் குளியலறை. போர்வெல் தண்ணீர் விட்ட வெள்ளை உப்புக் கறை குழாயிலும் டைல்ஸிலும் இருந்தால் படத்தில் வீட்டின் வயதே கூடிவிடும். குழாய்க்கு வினிகர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் போதும். ஆசிட் ஊற்றாதீர்கள், குழாயின் பளபளப்பு போய்விடும். பழைய ஃபிளாட்டில் மொசைக் தரை இருந்தால் வினிகர்கூட வேண்டாம். அதில் இருப்பது சிமென்ட்டும் சலவைக்கல் துண்டுகளும், புளிப்பு பட்டால் அரிக்கும்.

பெயிண்டைப் பற்றி. குளியலறைக்குப் பின்சுவரில் எங்களுக்கு ஓதம் இருந்தது. "லேசா ஒரு கோட் அடிச்சுடுங்க சார், படத்துல தெரியாது" என்றார் தரகர். படத்தில் தெரியாதுதான். வீட்டைப் பார்க்க வருகிறவர் சுவரைத் தொட்டுப் பார்ப்பாரே! ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் கொஞ்ச நாளில் கொப்பளித்து உரியவும் செய்யும். பிளம்பரை வைத்துக் கசிவை அடைத்து, சுவர் காய்ந்த பிறகு அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடித்தோம். பில்லையும் எடுத்து வைத்துக் காட்டினோம். வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், சுவர் காயாது. எப்படியும் மார்கழியில் வீடு வாங்கப் பலர் வர மாட்டார்கள். போகிக்கு வீட்டை ஒழித்த கையோடு படம் எடுத்தால் ஒரே வேலையாகப் போகும்.

வெளிச்சத்துக்கு வருவோம். கிழக்கு ஜன்னல் அறையை, வெயில் நேராக உள்ளே விழுவது நின்ற பிறகு எடுங்கள். மேற்கு அறையைக் காலையிலேயே முடித்துவிடலாம். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் கிடைக்கும். பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிற்கும் அறையென்றால் விளக்கு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் வெள்ளை டியூப்லைட்டையும் மஞ்சள் பல்பையும் சேர்த்துப் போடாதீர்கள், சுவர் பாதி நீலம் பாதி மஞ்சளாக வரும். ஃபேனை நிறுத்துங்கள். போனைப் படுக்கைவாட்டில், நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் பிடியுங்கள். போனில் 0.5 என்று இருக்கும் அகலமான லென்ஸில் எடுத்தால் பத்தடி அறை கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். நேரில் வருகிறவர் முகம் சுருங்கிவிடும்.

தெருவையும் கார் நிறுத்துமிடத்தையும் கட்டாயம் எடுங்கள், வண்டி எண்கள் தெரியாமல். 2015 வெள்ளத்துக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு சென்னையில் வீடு பார்க்கிறவர்கள் விலைக்கு முன்பே "தண்ணி நின்னுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். சாலையைவிடத் தரைத்தளம் எவ்வளவு உயரம் என்று ஒரு படம் காட்டிவிட்டால் பாதிக் கேள்வி குறையும். நின்றிருந்தால், எதுவரை நின்றது என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. படங்களைத் தரகருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும் என்பதால், எடுக்கும் முன்பே கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.