காலில் சிலந்தி வலைபோலத் தெரியும் நீலக் கோடுகள் எதனால் வருகின்றன? சிகிச்சையில் மறையுமா?

தொடையிலோ கணுக்காலைச் சுற்றியோ, தோலுக்குச் சற்றே கீழே சிவப்பும் நீலமுமாகக் கிளைவிட்டுத் தெரியும் மெல்லிய விரிந்த இரத்தக் குழாய்களையே சிலந்திச் சிரைகள் என்கிறோம். இதயத்துக்கு மேலேறும் இரத்தம் திரும்பி இறங்காமலிருக்கக் கால் சிரைகளுக்குள் சிறு வால்வுகள் உள்ளன. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு தேய்ந்தால் ஏற்றிய தண்ணீர் குழாய் வழியே இறங்கிவிடுவதைத் தருமபுரி விவசாயிகள் அறிவார்கள். அதேபோல் இந்த வால்வுகள் தளரும்போது இரத்தம் தேங்கி, அழுத்தம் கூடி, மேலோட்டமான குழாய்கள் விரிகின்றன. பரம்பரை, கர்ப்பம், உடற்பருமன், ஓசூர் ஆலைகளில் ஷிஃப்ட் முழுவதும் நின்றே பார்க்கும் வேலை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும்.

கால்களில் பெரும்பாலும் ஊசி முறையே கையாளப்படுகிறது. மிக நுண்ணிய ஊசியால் பாலிடோகனால் போன்ற மருந்தைக் குழாய்க்குள் செலுத்தினால், உட்சுவர் சிதைந்து ஒட்டிக்கொள்ள, சில வாரங்களில் உடலே அதைக் கரைத்துவிடும். ஒரே அமர்வில் முடிவது அரிது. ஊசி போட்ட இடத்தில் பழுப்புத் தடம் சில மாதங்கள் தங்கக்கூடும். நம் மாநிறத் தோலில் லேசர் ஒளியால் செய்யும் சிகிச்சை கருமையை விட்டுச்செல்லும் வாய்ப்பு அதிகம் என்பதால், சலுகை விளம்பரம் பார்த்து அழகு நிலையத்துக்குப் போகாமல் தோல் மருத்துவரிடமே செல்ல வேண்டும். கர்ப்பிணிகள் பிரசவம் வரை தள்ளிப்போடலாம். பலருக்கு அதன்பின் தானாகவே மங்கும். கால் வீக்கமோ ஆறாத புண்ணோ இருந்தால் முதலில் சிரைகளின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அவசியம்.

குழாயை மூடினால் காலில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும் எனப் பலர் அஞ்சுவது சரியன்று. இரத்தத்தில் பெரும்பகுதியை மேலே கொண்டுசெல்பவை ஆழத்திலுள்ள பெரிய சிரைகளே.