மலையாளம் தெரியாத அம்மா வீட்டுப்பாடத்தில் உதவலாமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து, பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். கல்யாணமாகி, கேரள எல்லைக்குள் இருக்கும் வேலந்தாவளத்துக்கு வந்தேன். மகள் நான்காம் வகுப்பு, மலையாள வழி. இரவு ஏழு மணிக்கு நோட்டைத் திறந்தால் மூடுவதற்கு ஒன்பதாகிவிடுகிறது. எனக்கு மலையாளம் வாசிக்க வராது. கணக்கை மட்டும் நானே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். மற்றதை அவள் அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ட்யூஷன் போகிறார்கள். ஒன்றும் தெரியாத அம்மா என்று மகள் நினைத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பெற்றோர் உதவுவது சரியா, தவறா?
– பெயர் வேண்டாம், வேலந்தாவளம்

பதில்: தாராளமாக உதவுங்கள், தங்கச்சி. ஆனால் கணக்கைப் போட்டுக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பிள்ளைகளையும் மலையாளப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

408-ஐ நான்கால் வகுக்கச் சொன்னால், இந்த வகுப்புப் பிள்ளைகள் பலர் 12 என்று எழுதுவார்கள். நடுவிலுள்ள பூஜ்யத்தை விழுங்கிவிட்டு எட்டுக்குத் தாவிவிடுவார்கள். அந்தப் 12 என் மேசைக்கு வந்தால், பிள்ளை எங்கே தடுமாறினாள் என்று பார்த்தவுடன் பிடித்துவிடுவேன். வீட்டிலேயே அழித்து 102 என்று திருத்தி அனுப்பினால், நானும் சரி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். குறை உள்ளேயே தங்கிவிடும். ஐந்தாம் வகுப்பில் பெரிய எண்கள் வரும்போது கரும்பலகை முன்னால் நின்று அழுவது நீங்களோ நானோ அல்ல, அந்தக் குழந்தைதான்.

ஆகவே அழிக்காதீர்கள், கேளுங்கள். “408 தேங்காயை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்குப் பன்னிரண்டுதான் வருமா கண்ணு?” தோப்புக்கு நடுவே வளர்கிற பிள்ளை. நானூறு காய்க்கே ஆளுக்கு நூறு வருமே என்று யோசிக்கத் தொடங்குவாள். இந்தக் கேள்விக்கு மலையாளம் தேவையில்லை. அப்படியும் பிடிபடவில்லையா? அந்தப் 12 அப்படியே பள்ளிக்கூடம் போகட்டும்.

இன்னொன்று. கணக்கு என்றால் உங்களுக்கே உதறல் எடுக்குமானால் கூடுதல் கவனம் வேண்டும். முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை வைத்துச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய குழந்தைகள், வருட முடிவில் கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தார்கள். கணக்கைப் பற்றிய பயமும் அவர்களுக்குக் கூடியிருந்தது. பயத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தால் குழந்தைக்கும் அதுதான் போய்ச் சேரும்.

மலையாளப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, “என்ன கதை, எனக்குத் தமிழில் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்கு உண்மையாகவே தெரியாது என்பது அவளுக்குத் தெரியும், ஆசையோடு சொல்வாள். திக்கித் திணறும் பத்தியைக் குறித்துவைத்து ஆசிரியையிடம் காட்டுங்கள். அவள் அப்பா வரி வரியாகச் சொல்லி எழுதவைப்பதும் வேண்டாம்.

இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது; மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். வாரத்துக்கு! உங்கள் மகள் ஒரே இரவில் அதை முடித்துவிடுகிறாள். அடுத்த முறை நடக்கும் வகுப்பின் பெற்றோர்-ஆசிரியர் (பி.டி.ஏ.) கூட்டத்தில் கடைசி பெஞ்சில் ஒதுங்காமல் எழுந்து இதைக் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், நம் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும்.

உங்களுக்கே மலையாள எழுத்துப் படிக்க ஆசை இருந்தால், கேரள அரசின் எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷனின் பிரேரக் (ஊரில் அந்த வகுப்புகளைக் கவனிப்பவர்) யார் என்று பஞ்சாயத்தில் விசாரியுங்கள். ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ல், தம் 96-வது வயதில், அந்த மிஷனின் ‘அட்சரலட்சம்’ எழுத்தறிவுத் தேர்வை எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். உங்களுக்கு என்ன வயதாகிவிட்டது? அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பார்க்கிற மகள், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கமாட்டாள்.

ட்யூஷன் இப்போதைக்கு வேண்டாம். வகுப்பு ஆசிரியையிடம் பேசாமல் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

நாளையிலிருந்து எட்டு மணிக்கு நோட்டை மூடிவிடுங்கள். முடியாமல் நின்ற கணக்குக்குக் கீழே, “இதற்கு மேல் வரவில்லை, சொல்லிக்கொடுங்கள் டீச்சர்” என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆசிரியைக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டாலும், வாசித்துச் சொல்ல அந்தப் பள்ளியில் ஒருவராவது இருப்பார்.